முதல் விரல்

கல்லீரல் மட்டும் வெட்டினால் வளராத உறுப்பாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. சிறுநீரகத்தை யாரும் சட்டம் போட்டு எடுக்கவில்லை, கண்ணை எடுக்கவில்லை. கல்லீரலில் பாதியை வெட்டி எடுத்தாலும் மூன்றே மாதத்தில் மீதிப் பாதி வளர்ந்து பழைய இடத்தை அடைத்துக்கொள்ளும். "திரும்ப முளைக்கப்போவதைத்தானே கேட்கிறோம்" என்று சட்டமன்றத்தில் ஒருவர் பேசினார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நானும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கைதட்டினேன். அங்கே கைதட்டக் கூடாதென்று ஒரு காவலர் வந்து காதருகே சொல்லிவிட்டுப் போனார். அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது.

என் பெயர் பொன்மலர். வயது அறுபது. மஞ்சள் காமாலை வைரஸ்களோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்திய ஆராய்ச்சிக்காரி. அந்த வைரஸைக் கொல்ல மருந்து வந்தபோது ஊரெல்லாம் கொண்டாடியது. ஆனால் அதற்குள் தழும்பேறிச் சுருங்கிப்போன கல்லீரல்களுக்கு மருந்து இல்லை, மாற்றுக் கல்லீரல்தான் வேண்டும். கொடுக்க ஆள் இல்லை. அந்த நேரம் பார்த்து நான் ஒரு சோதனையைக் கண்டுபிடித்தேன். ஒரு சொட்டு ரத்தத்தில் இருக்கிற வைரஸை வைத்து அது யாரிடமிருந்து யாருக்கு, எப்போது போனது என்று சொல்லும். கொடிவழிச் சோதனை என்று நானே பெயர் வைத்தேன். அடுத்த வருடமே சட்டம் வந்துவிட்டது: வைரஸைக் கொடுத்தவர் கல்லீரலில் பாதியைக் கொடுக்க வேண்டும். ஜனங்கள் அதைப் பாதிச் சட்டம் என்றார்கள். பிரசவத்தில் பிள்ளைக்குக் கொடுத்த தாய்க்கு விலக்கு உண்டு. வேறு யாருக்கும் கிடையாது. தெரிந்து கொடுத்தாயா, தெரியாமல் கொடுத்தாயா என்ற கேள்வியும் கிடையாது. கொடியில் உயிரோடு இருக்கும் முதல் ஆள் யாரோ அவர்தான் பொறுப்பு.

நான் சொல்ல வந்தது இந்த மாதம் பத்தாம் தேதி ஆரம்பித்தது. மறுவளர்ச்சி இல்லத்தின் ஸ்கேன் அறையில், திரையில் அறுபத்தொன்று என்று விழுந்தது.

"எவ்வளவு டாக்டரம்மா?" என்று மேசையில் படுத்தபடியே கேட்டார் இசக்கியப்பன்.

"அறுபத்தொண்ணு."

"போன மாசம்?"

"அறுபது."

"அப்போ வளருதுன்னு சொல்லுங்க." சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். ஒரே இடத்தை நான்கு முறை திறந்து மூடியதில் வயிற்றுத் தழும்பு சாக்கு வாயைத் தைத்ததுபோல் இருந்தது. "எங்க ஐஸ் பிளான்ட்டுல கரண்டு வந்து வந்து போவும் பாத்துக்கிடுங்க. அன்னைக்கு ஐஸ் உறையுதா உருகுதான்னு ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த மாதிரிதான் இதுவும்."

அவருக்கு நாற்பத்திரண்டு வயது. வடக்குத்துறையில் மீன் லாரிகளுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர். அவருடைய வைரஸ் ஆறு பேருக்குப் போயிருப்பதாகக் கொடிவழி சொன்னது. ஆறு பேருக்கும் கல்லீரல் போய்விட்டது. எனவே ஆறு முறை பாதி கொடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் வளர்ந்த பிறகு அடுத்தது. அதுவரைக்கும் இல்லத்தை விட்டு வெளியே போகக் கூடாது. வெளியே போனால் குடித்துவிடலாம், காய்ச்சல் மாத்திரையைக் கை நிறைய விழுங்கிவிடலாம், வேண்டுமென்றே உடம்பைக் கெடுத்துக்கொள்ளலாம். உள்ளே உப்புகூட நிறுத்துத்தான் போடுவார்கள். தோட்டம் இருக்கிறது, டிவி இருக்கிறது, கேரம் பலகை இருக்கிறது. கேட்டுக்கு இரண்டு பூட்டு. இசக்கியப்பன் உள்ளே வந்து மூன்று வருடம். நான்கு பேருக்குக் கொடுத்துவிட்டார். முதல் முறை வெட்டிய பிறகு கல்லீரல் தொண்ணூற்று மூன்று சதவீதம் வளர்ந்தது. அடுத்து எண்பத்தெட்டு. அதற்கடுத்து எழுபத்தொன்பது. நான்காவது வெட்டு முடிந்து எட்டு மாதமாகியும் அறுபத்தொன்றில் நிற்கிறது.

இல்லத்தின் கண்காணிப்பாளர் தேவசகாயம் என்னிடம் படித்தவன். இப்போது எனக்கே எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டுபவன். அன்றும் இசக்கியப்பனின் தகுதிச் சான்றிதழில் காட்டினான்.

"இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன் மேடம். அமலிங்கிற பேஷன்ட். அவங்களுக்கு மிஞ்சினா ஒரு மாசம்."

"அறுபத்தொண்ணுல பாதி முப்பது சகாயம். முப்பதுக்குக் கீழே போனா ஆள் தங்கமாட்டார்."

"முப்பதரை மேடம்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் ராத்திரி தூக்கம் வராது என்று அந்த முகத்திலேயே எழுதியிருந்தது.

"விதியில அறுபதுக்கு மேல இருந்தா தகுதின்னு இருக்கு. விதி நீங்க எழுதினது."

"முதல் வெட்டை மனசுல வச்சு எழுதினேன். அஞ்சாவது வெட்டுக்கு எழுதல."

"அப்படினு அதுல இல்லையே மேடம். நீங்க கையெழுத்துப் போடலைன்னா வேற ஒருத்தர் போடுவார்."

எனக்குப் பத்து நாள் வேண்டும் என்றேன். கொடுத்தான். பத்து நாளில் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வேறு வழி தோன்றாமல் இசக்கியப்பனின் கொடியைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் சோதனை மாதத்தைத்தான் சொல்லும். எல்லாருக்கும் 2011 ஆகஸ்ட் என்று சொல்லியிருந்தது. இப்போதைய பதிப்பு நாளையே சொல்கிறது. ஆறு பேருக்கும் ஒரே நாள் வந்தது. ஆகஸ்ட் பதினேழு, புதன்கிழமை.

அன்றைக்கு இசக்கியப்பனுக்கு ஏழு வயது. ஏழு வயதுப் பையன் ஒரே நாளில் கூடப் படித்த ஆறு பிள்ளைகளுக்கு எப்படி ரத்த வழியாக வைரஸைக் கொடுப்பான்? தீர்ப்பாயத்தில், பிள்ளைகள் கருவேல முள்ளால் குத்தி விளையாடியிருக்கலாம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போயிருந்தார்கள். அந்தக் காகிதத்தின் கீழே என் கையெழுத்தும் இருந்தது. நானும் அப்போது கேட்கவில்லை. சோதனை சரியா என்று மட்டும்தான் பார்த்தேன்.

மறுநாள் அமலியைப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மஞ்சளாக, வயிறு நீர் கோத்து உப்பி, கை கால் குச்சியாக இருந்தாள். தையல் கடை வைத்திருந்தவள். பக்கத்து மேசையில் அப்போதும் ஒரு ரவிக்கையும் ஊசியும் இருந்தன. நான் யாரென்று சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டா? ஒரு சொட்டு ரத்தத்துல இவன்கிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"நீ ஒரு ரவிக்கை அளவை இன்னொரு காகிதத்துல காப்பி எடுக்கிற. அதைப் பார்த்து இன்னொருத்தி எடுக்கிறா. ஒவ்வொரு காப்பியிலயும் ஒரு நூல் அளவு கூடும், குறையும். கடைசியா எல்லாக் காகிதத்தையும் என்கிட்ட கொடுத்தா, எது எதைப் பார்த்து எடுத்ததுன்னு நான் சொல்லிடுவேன். வைரஸும் அப்படித்தான் காப்பி எடுக்குது."

"ஒரு காகிதம் தொலஞ்சு போச்சுன்னா?"

"இருக்கிறதுல எது பழசோ அதைத்தான் முதல்னு சொல்ல முடியும்."

தையல்காரி கேட்ட கேள்விக்கு நான் சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டேன். மூன்று வருடமாக எந்த நீதிபதியும் அதைக் கேட்கவில்லை.

"அமலி, நீங்க பள்ளிக்கூடத்துல முள்ளு குத்தி விளையாடுவீங்களா?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இல்ல டாக்டர். அப்படி ஒரு விளையாட்டே கிடையாது."

"தீர்ப்பாயத்துல சொல்லலையா?"

"சொல்லல." மேசையிலிருந்த ரவிக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "சொன்னா எனக்குக் கல்லீரல் கிடைக்காதே. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. இசக்கி எங்கூட ரெண்டாப்புல ஒரே பெஞ்சு. அவனை நெனச்சு அழுதிருக்கேன். ஆனா வேண்டாம்னு சொல்ல மனசு வரல. நீங்க என்ன வேணா நெனச்சுக்கிடுங்க."

நான் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்கிற தகுதி எனக்கு எங்கே இருக்கிறது?

"சுதந்திர தினம் கழிஞ்சு ரெண்டாம் நாள். புதன்கிழமை. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

அவள் யோசித்தாள். பிறகு முகம் மலர்ந்தது. அந்த மஞ்சள் முகத்தில் அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

"ரத்தம் பாக்க வந்தாவளே அன்னைக்குத்தான். கொடியேத்தின கம்புல இன்னும் பூ காயாம கிடந்துச்சு. ஒரு டாக்டரக்கா வந்தா, ரெட்டைச் சடை போட்டு. பேனா மாதிரி ஒண்ணு வச்சிருந்தா. விரல்ல வச்சு அமுக்கினா டிக்குனு சத்தம் வரும், ரத்தம் பொட்டு வைக்கும். எனக்கு மயக்கமே வந்துட்டு. இசக்கிதான் தண்ணி கொண்டுவந்து கொடுத்தான்."

இருபத்தைந்து வயதில் நான் ரெட்டைச் சடைதான் போட்டிருந்தேன். மேற்படிப்பில் பள்ளிப் பிள்ளைகளின் ரத்தசோகை பற்றி ஆய்வு செய்தேன். கடலோரத்தில் பதினோரு பள்ளிக்கூடங்களுக்குப் போனேன். அதில் ஒன்று வடக்குத்துறை.

எப்படி வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன் என்று தெரியாது. ஊசியை மாற்றினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் புது ஊசி போட்டேன், சத்தியமாக மாற்றினேன். நூறு ஊசி டப்பாவைக் காலி செய்து பழையதை எண்ணிச் சரிபார்த்துத்தான் வந்தேன். ஆனால் அந்தப் பேனாவின் நுனியில் ஒரு மூடி இருக்கும். ஊசி அதன் ஓட்டை வழியாகத்தான் வெளியே வந்து போகும். விரலில் அழுந்துவது அந்த மூடிதான். ஒரு பிள்ளையின் ரத்தம் அதில் ஒட்டும், அடுத்த பிள்ளையின் விரலில் அதையே வைத்து அமுக்குவோம். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். அந்தப் பேனா ஒரே ஆளுக்கானது என்று அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருந்திருக்கும். எங்களுக்குத் துறையில் ஒன்றுதான் கொடுத்தார்கள், நாங்களும் ஊசியைத்தான் பார்த்தோம். பத்து வருடம் கழித்து நானே வகுப்பில் பாடம் எடுத்தேன், "ஊசியை மாத்தினா போதாது, மூடியை மறந்துடாதீங்க" என்று. அப்போதுகூட வடக்குத்துறை எனக்கு ஞாபகம் வரவில்லை.

நேராக தேவசகாயத்திடம் போனேன். முதல் பிள்ளை இசக்கியப்பனாக இருந்திருக்கும், அவன் ரத்தம் மூடியில் ஒட்டி மற்ற பிள்ளைகளுக்குப் போயிருக்கும், கொடுத்தது அவன் இல்லை, என் கை என்று சொன்னேன். தேவசகாயம் முழுக்கக் கேட்டான். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினான்.

சட்டத்தின் முதல் வரைவு. அதில் பதினொன்றாவது பிரிவு: இடையில் ஒருவரின் கவனக்குறைவால் தொற்று பரவியிருந்தால் பொறுப்பு அவரையே சேரும். அதன்மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'இடைப்பட்ட கை வைரஸில் பதியாது. சோதனையால் நிரூபிக்க இயலாது. இப்பிரிவு வழக்குகளை இழுத்தடிக்கவே உதவும். நீக்கலாம்.'

"நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மையா இருக்கலாம் மேடம். சட்டத்துக்கு ரத்தம்தான் சாட்சி. நீங்க வாக்குமூலம் கொடுத்தா உங்க பேர் கெடும், மனசு கொஞ்சம் லேசாகும். அவருக்கு ஒண்ணும் ஆகாது. இருபத்தெட்டாம் தேதி அப்படியேதான் இருக்கும்."

"சரி, நான் தானமாக் கொடுக்கிறேன். அமலிக்கு என்னுடையதை எடுத்துக்கோ."

"அம்பது வயசு தாண்டினவங்ககிட்ட தானம் வாங்கக் கூடாது. பொறுப்புல வர்றவங்களுக்குத்தான் வயசு வரம்பு இல்லை."

"அதையும் நான்தான் எழுதினேனா?"

"இல்ல மேடம். அது நான் எழுதினது." அவன் மேசைமேல் இரண்டு கைகளையும் வைத்துக் குனிந்துகொண்டான். "எந்தப் பக்கம் போனாலும் நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் சுவரு கட்டி வச்சிருக்கோம்."

அன்று சாயங்காலம் இசக்கியப்பனைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அந்த இடம்தான். ஏன் என்று நான் மூன்று வருடத்தில் கேட்டதில்லை. சட்டம், பிரிவு எதையும் இழுக்காமல் சொன்னேன். நான்தான் அந்த ரெட்டைச் சடை. உங்களுக்கு நடந்தது எல்லாம் என்னால் நடந்தது.

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அடித்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"எம் மவளுக்குப் போன வருஷம் கல்யாணம்," என்றார். "விட மாட்டேன்னுட்டாவ. கூட்டத்துல போனா எதாவது ஒட்டிக்கிடுமாம். அவ மாலையும் கழுத்துமா இந்தக் கேட்டு வரைக்கும் வந்து காட்டிட்டுப் போனா. மாப்பிள்ளை கார்ல இருந்து இறங்கல. அதைத்தான் தெனமும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அழுதேன். அவர் தடுக்கவில்லை.

"நீங்கதானா அந்த அக்கா," என்றார் கடைசியில். "மொகம் நல்லாவே மாறிட்டு. எனக்கு ரப்பர் வச்ச பென்சில் கொடுத்தியள்லா? மொதல்ல வந்ததுக்கு."

"ஞாபகம் இல்ல."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. ஒருத்தனும் முன்னால வர மாட்டேன்னுட்டான். பிள்ளையெல்லாம் அழுவுது. டீச்சர் கம்பை எடுத்துட்டா. நீங்கதான் அடிக்காதீங்கன்னிய. 'வலிக்காது, இங்க பாருங்க'ன்னு உங்க வெரல்லயே டிக்குனு குத்திக் காட்டினிய. ரத்தத்தைத் துடைச்சுட்டுச் சிரிச்சிய. பொம்பளப் பிள்ளை அழலியேன்னு எனக்கு ரோசம் வந்துட்டு. நான்தான் மொதல்ல வெரல நீட்டினேன்." தன் இடது கை மோதிர விரலைத் தூக்கிக் காட்டினார். "ஆனா வலிச்சுது."

நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என் விரல்லயா? முதல்ல?"

"ஆமா. பொறவு ஊசிய மாத்திட்டுத்தான் எனக்குக் குத்தினிய. அது நல்லாத் தெரியும்."

"இதைத் தீர்ப்பாயத்துல ஏன் சொல்லலை?"

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். "யாருக்கெல்லாம் கொடுத்தேன்னு கேட்டாவ. எனக்கு யாரு கொடுத்தான்னு ஒருத்தரும் கேக்கலையே."

என் அம்மா செத்தது என் பதினெட்டாவது வயதில். பாளையங்கோட்டை வீட்டில், கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, அமலி இருப்பதைப்போலவே இருந்து செத்தாள். அதனால்தான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன் என்று பேட்டிகளில் கண் கலங்கச் சொல்லியிருக்கிறேன். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும் எல்லாரையும் வரிசையில் நிறுத்தித் தடுப்பூசி போட்டார்கள். ஏற்கெனவே வைரஸ் உள்ளே இருந்தால் அந்த ஊசி ஒன்றும் செய்யாது. உள்ளே இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். லட்சம் பேரின் ரத்தத்தைப் பார்த்தவள், காமாலை வந்து செத்தவளின் மகள், என் ரத்தத்தை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நேரம் கிடைக்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பயம், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். என் விரலை நானே குத்திக்கொண்டு சொட்டைத் தட்டில் விட்டேன். இயந்திரத்துக்குள் தள்ளுவதற்கு முன்னால் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருப்பேன். அதைக் கழுவித் தொட்டியில் கொட்டினால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. இசக்கியப்பன் சொல்வதை யாரும் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். சட்டத்தில் ஏற்கெனவே அதற்கு வழி செய்திருந்தேன். எனக்கு உயிர்மேல் இத்தனை ஆசை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தட்டைத் தள்ளினேன். நான்கு மணி நேரம் ஆகும்.

கொடி திரையில் கீழிருந்து மேலாக வளர்ந்துகொண்டு வந்தது. ஆறு பெயர்கள். பிறகு ஏழாவதாக இசக்கியப்பனின் பெயர், அவர்களோடு அதே வரிசையில். அவருக்கு மேலே இருந்த 'வேர்' என்ற சொல் நகர்ந்து என் பெயருக்குமேல் வந்து நின்றது. அவருடைய பெயருக்குப் பக்கத்தில் மூன்று வருடமாகக் காலியாக இருந்த இடத்தில் முதல் முறையாக ஒரு தேதி விழுந்தது: 2011 ஆகஸ்ட் 17. என் பெயருக்கும் மேலே பெயரில்லாத ஒரு வட்டம் இருந்தது. அது அம்மா.

அமலி சொன்ன தொலைந்துபோன காகிதம் நான்தான். இயந்திரம் பொய் சொல்லவில்லை. கொடுத்த ரத்தங்களுக்குள் எது பழசோ அதைக் காட்டியது. மூடியில் ஒட்டியிருந்த என் ரத்தம் முதலில் தொட்டது அவர் விரலை, அதனால் என்னுடையதற்கு மிக நெருக்கமான காப்பி அவரிடம் இருந்தது. அதை வேர் என்று நினைத்து அந்த மனிதரின் வயிற்றை நான்கு முறை கிழித்தோம்.

காகிதத்தை தேவசகாயத்தின் மேசையில் வைத்தேன். அவன் இரண்டு முறை படித்தான்.

"மேடம், இதை நான் இன்னும் பதிவு பண்ணல," என்றான் மெதுவாக.

"பண்ணு."

"நாலு பேருக்கு அவர் கொடுத்துட்டார். பாக்கி அமலி, இன்னொருத்தர். இசக்கியப்பனும் இப்ப பெறுநர் ஆகிறார். மொத்தம் மூணு. உங்க வயசுக்கு மூணு தடவை..."

"கணக்கு நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது சகாயம். பதிவு பண்ணு."

இருபத்து நான்காம் தேதி உள்ளே வந்தேன். ஸ்கேனில் கல்லீரல் நன்றாகவே இருக்கிறதாம். அறுபது வருடம் சும்மா தூங்கிக்கொண்டிருந்த வைரஸ். அதைக் கொல்ல முதல் நாளே மருந்து ஏற்றினார்கள். என் கைப்பட எழுதிய விதிகளின்படி போன், மாத்திரை டப்பா, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். மணிக்கட்டில் பட்டை கட்டினார்கள். இரண்டு பூட்டும் பூட்டும் சத்தம் உள்ளே இருந்து கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. ஒன்பது வருடமாக நான் வெளியே போகும்போதுதான் அதைக் கேட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது. இதை எழுதும் இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. நாளை காலை ஏழு மணிக்கு அமலிக்காக அழைத்துப்போவார்கள்.

இன்று மத்தியானம் இசக்கியப்பன் வந்தார். அவரை விடுவித்துவிட்டார்கள், ஊருக்குப் போகிற வேட்டி சட்டையில் இருந்தார். மகள் கேட்டுக்கு வெளியே காரில் இருக்கிறாள் என்றார், இந்த முறை மாப்பிள்ளையும் இறங்கி நிற்கிறாராம். கையில் ஒரு படிவம் வைத்திருந்தார். தேவசகாயம் எல்லாவற்றையும் நிரப்பியிருந்தான். பெறுநர்: இசக்கியப்பன். பொறுப்பாளர்: பொன்மலர். கீழே கையெழுத்து மட்டும் பாக்கி.

"இதைப் போட்டாத்தான் எனக்குப் பாதி கிடைக்குமாம். என்னோடது இனி வளராதுன்னு சொல்லுதாவ."

"ஆமா. போடுங்க."

"வேண்டாம்னு எழுதிக் கொடுத்தா உங்களுக்கு ஒரு வெட்டு குறையும்."

"குறையும்."

அவர் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மூன்று வருடம் அவர் படுத்த கட்டில், நான் வந்த அன்று அவரைப் பக்கத்து அறைக்கு மாற்றியிருந்தார்கள். எங்கே உட்கார்ந்தால் கம்பி குத்தாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பெரிய மனசு பண்ணுவார் என்று என்னில் ஒரு பாதி எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டேன்.

என் பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்குப் பேரப்பிள்ளை பொறக்கப்போவுது," என்றார். "அதான்."

"நல்லது இசக்கியப்பன்."

எழுந்து வாசல் வரைக்கும் போனவர் நின்றார். திரும்பி வந்து, தலையணையை எடுத்துத் தட்டி, கட்டிலின் இடது பக்கம் மாற்றி வைத்தார்.

"வலிக்கும்க்கா," என்றார். "வலது பக்கம் திரும்பவே செய்யாதீங்க. இருமல் வந்தா தலகாணிய வயித்தோட அமுக்கிக்கிட்டு இருமுங்க. மொத மூணு நாளு மருந்துல தெரியாது. நாலாவது நாளுதான் தாங்க முடியாது. அன்னைக்கு நான் வாரேன்."